எசேக்கியேல் கண்ட தேர்

எபிரேய மறையிற் கூறப்படும் காட்சிகள் பல. அவற்றுள், எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசியின் நூல் முதலதிகாரத்திற் காணப்படும் தேர்க்காட்சியைப் போல ஆராய்ச்சிக்கும் அச்சத்திற்கும் ஒருங்கே இடமாயது பிறிதொன்றில்லை. யூத ஆசிரியர் இதனைத் தகுதியில்லார்க்கு உரைத்தலாகாதென விலக்கினர். கிறித்தவ ஆசிரியர் இதன்கண் தம் நற்செய்தி நூல்கள் நான்கின் குறியைக் கண்டனர். மெய்ந்நூற் புலவர் சிலர் இதனுள் உலகின் அமைப்பையே கண்டனர். இங்ஙனம் பலரும் பலவாறு பொருள்கொண்டமையின், காட்சியிலுள்ள வியத்தகு உருவங்களே கற்போர் கருத்தைக் கவர்ந்தன. அவை யார்க்கு, எவ்விடத்து, எந்நிலையிற் காட்டப்பட்டன என்னும் வினா பின்னிடப்பட்டது. அவ்வினாவை முன்வைத்து நோக்குமிடத்தே காட்சியின் உட்பொருள் விளங்கும். இறைவனது அரியணைக்கு உருளைகள் எற்றுக்கு என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

காலமும் இடமும்

யூதா நாட்டின் தலைநகராகிய எருசலேம் கி.மு. 597-இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சாருக்குப் பணிந்தது. இளைஞனாகிய யோயாக்கீன் மன்னனும், நாட்டின் தலைவரும், படைவீரரும், கைவல்ல கம்மியரும் சிறைகொள்ளப்பட்டுப் பாபிலோன் நாட்டிற்குக் கொண்டுபோகப்பட்டனர். இச்செய்தி மறைநூலான் மட்டுமன்றி அந்நாட்டு மண்ணோலைகளானும் உறுதிப்படுகின்றது. யூதா நாட்டரசனாகிய யோயாக்கீனுக்கும் அவன் மைந்தர்க்கும் அரண்மனையினின்று எண்ணெய் அளக்கப்பட்ட கணக்குகள் பாபிலோனில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1939-இல் வெளியிடப்பட்டன.

அங்ஙனம் சிறைப்பட்டோருள் குருமார் குடியிற் பிறந்த எசேக்கியேலும் ஒருவர். அவர் கேபார் என்னும் நீர்நிலையின் அருகே, தெலாபீப் என்னும் ஊரில், தம் இனத்தாரோடு குடியிருத்தப்பட்டார். கேபார் என்பது இயற்கை ஆறன்று. நிப்பூர் நகரைச் சார்ந்த பெருங்கால்வாய் என்பர். 1893-இல் அந்நகர் இடிபாடுகளிற் கிடைத்த வணிகக்குடி ஒன்றன் ஓலைகளில் இப்பெயர் காணப்படுகின்றது. சிறைப்பட்ட ஐந்தாமாண்டு, நான்காந் திங்கள் ஐந்தாநாள் அக்கால்வாய்க் கரையில் இக்காட்சி தோன்றியதாக நூல் கூறும். அது கி.மு. 593 ஆகும்.

அக்காலத்து எருசலேமும் அதன் கோயிலும் அழிவுறவில்லை என்பது கருதற்பாலது. அவ்வழிவு கி.மு. 586-இல் நேர்ந்தது. ஆகவே எசேக்கியேல் காட்சிகண்ட ஞான்று கோயில் நின்றது, வழிபாடும் நடந்தது, அவரும் அவரோடிருந்தோரும் மாத்திரமே அதனின்று அகற்றப்பட்டிருந்தனர். நூலின் முதற்கண் வரும் முப்பதாமாண்டு என்பதைத் தீர்க்கதரிசியின் அகவையெனக் கொள்வார் உளர். அக்கோள் பொருந்துமாயின், குருமார் குடியிற் பிறந்தானொருவன் திருப்பணிக்குரிய பருவம் எய்தும் ஆண்டு அது. கோயிலுட் புகவேண்டிய ஆண்டில் அவர் அயல்நாட்டுக் கால்வாய்க் கரையில் நின்றார் என்க.

இனி, அவர்தம் துயரம் நாடிழந்ததனோடு அமைந்ததன்று. பிறநாட்டு மண் தூய்மையற்றது என்பது அம்மக்களிடை வழங்கிய கருத்து. அதன்மேலும், எருசலேமில் எஞ்சியிருந்தோர், சிறைப்பட்டோர் இறைவனைவிட்டுச் சேய்மைக்கட் சென்றனர் என்றும், நாடு இனித் தமக்கே உரியதாயிற்று என்றும் கூறிவந்தனர். இதனை எசேக்கியேலே தம் நூலின் பதினோராம் அதிகாரத்துக் குறித்துள்ளார். கோயிலோடு இறைவனும் அங்கே நின்றுவிட்டான். தாம் மட்டும் இங்கே வந்தோம் என்பதே சிறைப்பட்டோரைச் சூழ்ந்திருந்த இருள். தேர்க்காட்சி இவ்விருளிலே தோன்றியது.

காட்சியின் வைப்புமுறை

வடக்கினின்று பெருங்காற்று எழுகின்றது. அதனோடு பெருமுகிலும் நெருப்பும் வருகின்றன. நெருப்பின் நடுவே ஹஷ்மல் எனப்படும் ஓர் ஒளி விளங்குகின்றது. இச்சொல்லின் பொருள் தெளிவன்று. பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதற்கு எலெக்திரோன் என்னும் சொல்லை இட்டனர். இற்றை எபிரேய மொழியில் இதுவே மின்னாற்றலைக் குறிக்கும் சொல்லாயிற்று.

ஒளியின் நடுவே நான்கு உயிர்கள் தோன்றுகின்றன. அவை மக்களைப்போல் நிமிர்ந்து நிற்பன. ஒவ்வொன்றற்கும் முகம் நான்கு, சிறகு நான்கு. ஒவ்வொன்றன் அருகும் ஓர் உருளை நிலத்தின்மேல் நிற்கின்றது. உருளையுள் உருளை அமைந்தாற்போன்ற தோற்றத்தினது. அதன் வட்டைமுழுதும் கண்கள். உயிர்களின் தலைக்குமேல் பனிக்கட்டியைப்போல் ஒளிரும் அச்சந்தரும் விதானம். அவ்விதானத்தின்மேல் நீலமணிபோல்வதோர் அரியணை. அரியணையின்மேல் மானுடத் தோற்றம்போல்வதொன்று. அதனைச் சூழ மழைநாளின் முகிலிற் காணும் வில்லையொத்த ஒளி. இதனைக் கண்ட தீர்க்கதரிசி முகங்குப்புற விழுகின்றார்; அதன்பின்னரே ஒரு குரல் கேட்கின்றது.

இவ்வைப்புமுறை கீழிருந்து மேற்செல்வது. நிலத்தைத் தொட்டு நிற்கும் உருளை ஒரு முனை; வானத்திற்கும் மேலதாகிய அரியணை மற்றொரு முனை. இவ்விரண்டும் ஒரே ஊர்தியின் உறுப்புக்களாய் இயைந்திருத்தல் நோக்கத்தக்கது. இறைவன் வானத்தின்கண் இருப்பவன் என்பதை எவரும் மறுத்திலர். அவ்வானத்து அரியணை கேபார்க்கரை மண்ணைத் தொட்டது என்பதே இக்காட்சியின் புதுமை.

வடதிசையும் குறிப்புடைத்து. யூதா நாட்டிற்குப் பாபிலோனியர் படை வந்த வழி அதுவே. அழிவு வந்த திசையினின்றே மாட்சியும் வருகின்றது. புயலாய்த் தொடங்கிய காட்சி வானவில்லாய் முடிகின்றது. ஊழிவெள்ளத்தின்பின் இறைவன் உலகோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமாக எபிரேய மறை வானவில்லைக் கூறுதலின், சினத்தின் நடுவே அருளின் குறி வைக்கப்பட்டவாறு காண்க.

நான்கு முகங்கள்

உயிர்கள் ஒவ்வொன்றற்கும் மனிதமுகமும், வலப்பால் அரிமாமுகமும், இடப்பால் எருதுமுகமும், கழுகுமுகமும் உள்ளன. இரண்டாம் நூற்றாண்டினரான இரேனேயு என்னும் கிறித்தவ ஆசிரியர் இந்நான்கையும் நற்செய்தி நூல்கள் நான்கிற்கும் குறியாகக் கொண்டார். பின்வந்த எரோணிமு, மத்தேயுவிற்கு மனிதனும், மாற்கிற்கு அரிமாவும், லூக்காவிற்கு எருதும், யோவானுக்குக் கழுகுமென வகுத்த முறையே மேலைநாட்டுக் கோயில்களின் ஓவியங்களினும் சிற்பங்களினும் நிலைபெற்றது.

யூத ஆசிரியர் கொண்ட பொருள் வேறு. காட்டுவிலங்கிற்கு அரசு அரிமா, வீட்டுவிலங்கிற்கு எருது, பறவைக்குக் கழுகு, இவையனைத்தின்மேலும் மனிதன் உயர்ந்தவன், இவையெல்லாம் ஒருங்கே அரியணையைத் தாங்கும் கீழிடத்து வைக்கப்பட்டன, அவற்றுக்கு மேலானவன் ஒருவனே என்பது அவர் உரை. இவ்வுரை இடத்திற்கு மிகவும் ஏற்புடைத்து. மெசொப்பொத்தேமிய நாட்டு அரண்மனை வாயில்களில் மனிதமுகமும், கழுகின் சிறகும், எருதின் அல்லது அரிமாவின் உடலும் கொண்ட பெரும் படிமங்கள் காவற்றெய்வங்களாக நிறுத்தப்பட்டிருந்தன. வென்ற நாட்டார் வாயிலில் எவை ஆற்றலின் வடிவமாக நின்றனவோ, அவற்றையொத்தவை காட்சியில் இறைவனது இருக்கையைச் சுமக்கும் ஏவலாயின. தோற்றவர்க்கு இஃது எத்துணை ஆறுதலென்று சொல்லவேண்டுவதின்று.

பத்தாம் அதிகாரத்திலே இக்காட்சி மீண்டும் கூறப்படுமிடத்து எருதுமுகம் நிற்கவேண்டிய இடத்திற் கேரூபின் முகம் நிற்கின்றது. இம்மாறுபாட்டிற்குத் தல்மூத்தில் அழகியதோர் அமைதி கூறப்பட்டுள்ளது. பாலைநிலத்தில் முன்னோர் பொற்கன்றை வழிபட்டனர். எருதின் முகம் அப்பிழையை நினைப்பூட்டும். அதனை மாற்றுமாறு எசேக்கியேல் இறைவனை இரந்தார். குற்றஞ் சாட்டுவது துணைநிற்பதாக மாற்றப்பட்டது என்பது அது. சொன்மாறுபாட்டினுள்ளும் அருளைக் கண்ட உரை இஃதென்க.

உருளைகள்

சாலொமோன் கட்டிய கோயிலின் உள்ளிடத்தில் ஒலிவ மரத்தாற் செய்து பொன் தகடு போர்த்த கேரூபின் உருவங்கள் இரண்டு நின்றன. ஒவ்வொன்றும் பத்துமுழ உயரம். அவற்றின் சிறகின்கீழ் உடன்படிக்கைப் பேழை வைக்கப்பட்டிருந்தது. இறைவன் கேரூபின்கள்மேல் வீற்றிருப்பவன் எனப்பட்டான். அவ்வுருவங்கள் நின்ற நிலையின, அசையாதன. குருமார் குடியினராகிய எசேக்கியேல் இவற்றை நன்கறிவர். ஆயினும், கேபார்க்கரையில் தோன்றியவற்றை முதலதிகாரத்தில் அவர் கேரூபின்கள் என்றாரல்லர். உயிர்கள் என்றே பொதுவகையாற் கூறிச்சென்றார். பின்னர், ஆறாமாண்டில், காட்சியின்கண் எருசலேமிற்குக் கொண்டுபோகப்பட்டு அவற்றைக் கோயிலிடத்துக் கண்டபொழுதே, இவை கேரூபின்கள் என அறிந்தேன் என்று பத்தாமதிகாரத்துக் கூறுகின்றார்.

இவ்வேறுபாடு நுணுகி நோக்கற்பாலது. கோயிலில் அசைவற்று நின்ற மரவுருவங்களை அறிந்த கண், அயல்நாட்டில் உயிரோடும் உருளையோடும் இயங்கி வந்தவற்றை முதற்கண் இனங்கண்டுகொள்ளவில்லை. தொன்றுதொட்டு அறிந்த பொருளே எதிர்பாராவிடத்துத் தோன்றுமாயின் அயற்பொருளாகத் தோன்றும். அயலிடத்து வந்தவனும் தம் இறைவனே என்று தெளிதற்குத் தீர்க்கதரிசிக்கும் ஓராண்டிற்குமேற் சென்றது.

உருளைகளின் இயக்கமும் குறிக்கத்தக்கது. அவை திரும்பாமலே நாற்றிசையும் செல்வன, உயிர்கள் எழ எழுவன, நிற்க நிற்பன. உயிர்களுள் நின்ற ஆவியே உருளைகளுள்ளும் நின்றது என்று நூல் கூறும். ஆகலின், இத்தேர் இழுக்கப்படுவதன்று, செலுத்தப்படுவதுமன்று, உள்நின்ற ஆவியால் தானே இயங்குவது. நாற்றிசையும் நோக்கிய முகங்களும் திரும்பவேண்டாத உருளைகளும், இறைவனுக்கு முன்பின் என்னும் திசையில்லை என்பதனையும், அவன் சென்றெய்தலாகாத நாடில்லை என்பதனையும் ஒருங்கே உணர்த்துவன. வட்டை நிறைந்த கண்கள், அங்ஙனம் செல்லும் வழியிற் காணப்படாதது ஒன்றுமில்லை என்பதனை உணர்த்துவன. இறைவன் நாட்டைக் கைவிட்டான், அவன் காண்கின்றிலன் என்று எருசலேம் மூப்பர் கூறியதாக எட்டாமதிகாரத்து வருகின்றது. அக்கூற்றிற்குக் கண்ணிறைந்த உருளை முன்னரே விடையாக நின்றவாறு காண்க.

கோயிலை நீங்கிய மாட்சி

தேர்க்காட்சியை முதலதிகாரத்தோடு நிறுத்திப் பொருள்காண்டல் அமையாது. எட்டு முதற் பதினொன்று ஈறான அதிகாரங்களில் இதன் இரண்டாம் பகுதி உள்ளது. கோயிலினுள்ளே அயல்வழிபாடு நிகழ்தலும், நாடு குருதியாலும் நகர் முறைகேட்டாலும் நிறைந்தமையும் தீர்க்கதரிசிக்குக் காட்டப்படுகின்றன. அதன்பின் இறைவனது மாட்சி கேரூபினின்று எழுந்து கோயில் வாயிற்படிக்கு வருகின்றது. படியினின்று கீழைவாயிலுக்குச் செல்கின்றது. அங்குநின்று நகரின் கிழக்கேயுள்ள மலைமேற்சென்று நிற்கின்றது.

இஃது ஒருங்கே நிகழாமல் படிப்படியாக நிகழ்ந்தது. பிரிய மனமில்லாதார் வாயிலிலும் தெருவிலும் நின்று நின்று செல்லுமாறு போல மாட்சி நீங்கியது. அம்மலைமேல் மூன்றரையாண்டு நின்று மக்கள் மனந்திரும்புதலை இறைவன் நோக்கியிருந்தான் என யூத ஆசிரியர் மரபொன்று வழங்குகின்றது.

ஈண்டு ஒரு தடை நிகழும். உருளைகள் சிறைப்பட்டோர்க்கு ஆறுதலாயின், கோயிலினின்று இறைவன் நீங்குதற்கும் அவையே கருவியாயினவே. ஆறுதலென்பது யாங்ஙனம் எனின், அவ்விரண்டும் ஒன்றே என்க. கோயில் தமக்கு உடைமை, கோயிலுள்ளான் தமக்குக் கட்டுண்டவன் என்று கருதினார்க்கு அவ்வியக்கம் ஒறுப்பாயிற்று. அனைத்தும் இழந்தார்க்கு அதுவே அருளாயிற்று. அசையா அரியணை உடையார்க்கே உரியது. அசையும் அரியணை அகன்றார்க்கும் உரியது. பதினோராமதிகாரத்து, சிதறுண்ட நாடுகளில் அவர்க்குத் தான் சிறியதொரு திருவிடமாக இருந்ததாக இறைவன் கூறுகின்றான். இச்சிறு திருவிடம் என்னும் தொடரைப் பின்வந்த யூத ஆசிரியர் பாபிலோன் நாட்டிலிருந்த தொழுகைக் கூடங்களுக்கும் கல்விக் கூடங்களுக்கும் உரியதாக விளக்கினர். கி.பி. 70-இல் உரோமர் இரண்டாங் கோயிலையும் அழித்தபின், கோயிலின்றியே அச்சமயம் நிலைபெற்றமைக்கு இக்கருத்தும் ஒரு வேராயிற்று.

இருபத்தைந்தாமாண்டில், அஃதாவது கி.மு. 573-இல், எசேக்கியேல் புதியதொரு கோயிலைக் காட்சியிற் காண்கின்றார். சென்ற அதே கீழ்த்திசையினின்று மாட்சி மீண்டும் வந்து அதனுட் புகுகின்றது. கேபார்க்கரையிற் கண்டதே அது என்றும் கூறுகின்றார். நூலின் இறுதியில் அந்நகர்க்கு, இறைவன் அங்குளன் எனப் பொருள்படும் பெயர் வழங்கப்படுகின்றது. போக்கும் வரவும் ஒரே தேருக்கு உரியவாதலை நூல்முழுதும் இங்ஙனம் வைத்துக் காட்டியவாறாம்.

போல்வது என்னும் சொல்

காட்சியின் உருவங்களுக்குப் பொருள்காணுமிடத்து ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பினை நூலே வகுத்துள்ளது. ஒத்தது, தோற்றம், போல்வது என்னும் பொருளன எபிரேயச் சொற்கள் முதலதிகாரத்திற் பன்முறை வருகின்றன. கீழுள்ள உயிர்களின் காலும் சிறகும் ஓரளவு தெளிவாகவே சொல்லப்பட்டன. பார்வை மேற்செல்லச் செல்ல உவமைச் சொற்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. முடிவில், தாம் கண்டது இறைவன் என்றாரல்லர். இறைவனது மாட்சி என்றாருமல்லர். இறைவனது மாட்சியின் சாயலின் தோற்றம் என்றார். மூன்று திரைகள் இடையிடப்பட்டன. இவ்வதிகாரத்தின் எபிரேய நடையில் ஆண்பாற் பெண்பால் ஈறுகள் மயங்கி வருதலையும் உரைகாரர் எடுத்துக்காட்டுவர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மைமோனிதிசு என்னும் யூத மெய்ந்நூற் பேராசிரியர், திகைத்தோர்க்கு வழிகாட்டி என்னும் தம் நூலின் மூன்றாம் பகுதித் தொடக்கத்தில் இக்காட்சிக்கு ஏழு அதிகாரங்களைச் செலவிட்டார். உயிர்களை வானமண்டிலங்களாகவும், உருளைகளை அவற்றின்கீழ் இயங்கும் நாற்பூதங்களாகவும் அவர் கொண்டார் என்பர். அவர் வானநூல் இன்று கொள்ளத்தக்கதன்று. ஆயினும், காட்சியிற் கூறப்பட்டது தேரேயன்றித் தேரில் இவர்ந்தவன் அல்லன் என்று அவர் வரையறுத்தது மூலத்தின் சொல்லமைதியோடு முற்றும் பொருந்துவதாம்.

இவ்வரம்பை மறந்தார்க்கு நேரும் பிழைக்கு அண்மைக்காலத்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க விண்வெளித்துறையிற் பொறியாளராயிருந்த யோசேப்பு புளும்ரிக் என்பார், எசேக்கியேல் கண்டது வேற்றுலகத்தார் விண்ணூர்தியே எனக் கொண்டு, சிறகும் உருளையும் பொறியுறுப்புக்களாகப் படம்வரைந்து 1973-இல் செருமானிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். போல்வது என்ற இடந்தோறும் ஆவது என்று படித்தமையின் வந்த முடிபு அது. ஊர்தி ஒன்று வந்திறங்கியதாயின், அது கோயிலினின்று பிரிந்ததும், மூப்பர் கூற்றிற்கு விடையானதும், புதுக்கோயிலுள் மீண்டும் புகுந்ததும் பொருளில்லாதனவாய் முடியும். ஆதலின் அக்கொள்கை பொருந்தாமை உணர்க.

தேரென்னும் பெயரும் விலக்கும்

முதலதிகாரத்தின் எபிரேய மூலத்தில் தேர் என்னும் சொல் இல்லை என்பது பலரறியாதது. அப்பெயரை இக்காட்சிக்கு இட்டு வழங்கியவருள் பழையவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திருந்த சீராக் மகன். அதன்பின் மெர்காவா, அஃதாவது தேர், என்பதே இதன் பெயராயிற்று. இதனை ஆராயுங் கல்வி தேர்ச்செய்கை எனப்பட்டது. தானே உணரவல்ல அறிஞனாயினன்றி ஒருவன்முன்னும் இதனை விரித்துரைத்தலாகாது என்பது மிஷ்னாவின் விதி. காலமன்றி இதனுட்புகுந்த சிறுவனொருவன் ஹஷ்மலின் பொருளை உணர்ந்தவளவில் தீயெழுந்து அவனைச் சுட்டதென்னும் கதை தல்மூத்தில் உண்டு.

இத்துணை விலக்கப்பட்ட இவ்வதிகாரமே யூதர் தொழுகைக் கூடங்களில் ஆண்டுதோறும் அனைவருங் கேட்பப் பொதுவிற் படிக்கப்படுகின்றது என்பது வியப்பே. சீனாய் மலையில் இறைவன் இறங்கிவந்து மறையருளியதைக் கொண்டாடும் வாரவிழாவின் முதனாளில் இது படிக்கப்படும். சீனாயிலும் இறைவன் அடிக்கீழ் நீலமணித் தளம்போல்வதொன்று காணப்பட்டதென மறை கூறுதலின் இயைபு தெளிவாம். எவர் நாட்டினும் அடங்காத பாலையில் ஒருமுறை இறங்கியவன், பகைவர் நாட்டுக் கால்வாய்க் கரையில் மீண்டும் இறங்கினான். காட்சியின் நுட்பம் அறிஞர்க்கு. அதன் செய்தி அனைவர்க்கும்.

ஆகவே, அரியணைக்கு உருளை எற்றுக்கு என்னும் வினாவிற்கு விடை இதுவாகும். அடியார் இறைவனைத் தேடிச் செல்லலாகாத நிலை எய்தியவழி, இறைவன் அவரைத் தேடிச் செல்லுதற்கென்க. கோயிலுளார் தம்மிடத்தே அவன் நின்றானென்று செம்மாந்திருந்தனர். ஆற்றங்கரையிலிருந்தார் தம்மை அவன் நீங்கினானென்று நைந்திருந்தனர். இருதிறத்தார் கருத்தும் ஒரே பிழையின் இருபுடையாம். அப்பிழையைத் தீர்த்தற்கெழுந்தது இக்காட்சியாதலின், அதன் முகங்களையும் சிறகுகளையும் எண்ணி அமையாது, அது வந்து நின்ற இடத்தை நோக்கிப் பொருள் தெளிதல் கற்போர் கடனாம்.